செல்வியின் சாட்சியில் என் பெயர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. வேதப் புத்தகமும் பாட்டுப் புத்தகமும் தடையில்லாமல் வாசிப்பேன். எழுது என்றால் கை கூசும். இப்போது ஞாபகமும் முன்போல் இல்லை. எது முந்தி நடந்தது, எது பிந்தி நடந்தது என்று குழம்பிவிடுகிறது. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நம் சபையில் இப்போது வீடு சந்திக்கப் போகிறவர்கள் எல்லாரும் வேலைக்குப் போகிற சின்ன வயதுப் பெண்கள். பாதி வீடுகளுக்குப் போனிலேயே ஜெபம் முடிந்துவிடுகிறது. குறை சொல்லவில்லை, அவர்களுக்கு நேரம் இல்லை. பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர் பிரியா போன மாதம் என்னிடம் வந்தாள்.

"ஆன்ட்டி, தினம் காலைல போனைத் திறந்தா தீர்க்கதரிசனமா வந்து குவியுது. உடனே பத்துப் பேருக்கு அனுப்பலைன்னா ஆசீர்வாதம் போயிரும்னு வேற போடுறாங்க. எது உண்மை எது நக்லின்னு எப்படித்தான் கண்டுபிடிக்கிறது? நீங்க இத்தனை வருஷம் எப்படிச் சமாளிச்சீங்க? எழுதிக் குடுங்க, நம்ம பத்திரிகைல போடுவோம்" என்றாள்.

கண்டுபிடிக்கும் வழி எனக்குத் தெரியாது. என்னை ஏமாற்ற வந்தது எனக்கு ரொம்பப் பிடித்த மாதிரிதான் வந்தது. அது ஒன்று தெரியும். அதை எழுதுகிறேன்.

கல்யாணமாகித் தாராவிக்கு வந்தவள் நான். வீட்டுக்காரருக்கு டிராம்பே பக்கம் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. நான் வீட்டில் இருந்தபடி பைகளுக்கு ஜிப் தைத்தேன். பிள்ளைகள் தலையெடுத்த பிறகு ஒருநாள் பாஸ்டர் ஐயா கூப்பிட்டு, பைபிள் உமன் வேலைக்கு வருகிறாயா என்று கேட்டார். வீடு வீடாகப் போய் வேதம் வாசித்து, நோயாளிகளுக்கு ஜெபித்து வருகிற வேலை. எனக்குப் பகீரென்றது. நாலு பேர் இருந்தால் நான் கதவுக்குப் பின்னால் நிற்கிற ஆள்.

"எனக்குப் பேச வராதே ஐயா" என்றேன்.

"பேச வர்றவங்க மூணு பேர வச்சுப் பாத்தாச்சும்மா" என்றார் ஐயா. 

பயிற்சி என்று தனியாக எதுவும் இல்லை. ரோஸ்லின் மேடத்தின் பின்னால் ஒரு வருஷம் நடந்தேன். அதுதான் பயிற்சி. வீடு சந்திப்பு ஊழியத்துக்கு அவர்தான் மேற்பார்வை. செம்பூரில் வீடு. டெலிபோன் ஆபீசில் ஆபரேட்டராக இருந்து, சீக்கிரமே ஓய்வு வாங்கிக்கொண்டு ஊழியத்துக்கு வந்தவர். என்னைவிட வயதில் இளையவர்தான். ஆனாலும் எனக்கு அவர் மேடம், அவருக்கு நான் புஷ்பம். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் வாங்க, போங்க என்றுதான் பேசுவார். திட்டும்போதும் அப்படித்தான். மரியாதையோடு திட்டு வாங்குவது இன்னும் கொஞ்சம் வலிக்கும்.

அவர் வேலை செய்கிற விதத்தை எழுதுகிறேன். சின்னப் பெண்களுக்கு உதவலாம்.

சந்துக்குள், எங்கள் பேச்சில் கல்லிக்குள், நுழைந்ததும் வீட்டு வாசலில் நின்று "ஸ்தோத்திரம்" என்று ஒரு குரல் கொடுப்பார். திரையை விலக்க மாட்டார். உள்ளே டிவி சத்தம் குறைய வேண்டும், நைட்டிக்கு மேல் துப்பட்டா போட வேண்டும், கீழே கிடப்பதை மேலே உள்ள மாலா என்கிற பரணில் தூக்கிப் போட வேண்டும். அதெல்லாம் ஆகும் வரை கல்லியைப் பார்த்தபடி நிற்பார். உள்ளே போனால் வாசலுக்குப் பக்கத்தில் தரையில்தான் உட்காருவார். கொடுக்கிற டீயைப் பாதியாவது குடிக்க வேண்டும். வேண்டாம் என்றால் அவர்கள் முகம் வாடிவிடும். முழுதும் குடித்தால் இன்னொன்று போட ஓடுவார்கள்.

"நல்லா இருக்கீங்களா" என்று மட்டும் கேட்கவே கூடாது. ஏன் மேடம் என்று ஒருநாள் கேட்டேன்.

"நம்ம ஜனங்க கிட்ட எப்படி இருக்கீங்கன்னு கேட்டா, ஸ்தோத்திரம் நல்லா இருக்கேன்னுதான் வரும். ஆஸ்பத்திரிக் கட்டில்ல மூக்குல குழாயோட கிடந்தாலும் அதான் வரும். அது பதில் இல்ல புஷ்பம், டயல் டோன். லைன் இருக்குன்னு அர்த்தம். பேச்சு இனிமேதான்."

அதற்குப் பதிலாக என்ன கேட்பார் என்றால், நேற்று தூங்கினீர்களா, எந்தப் பக்கம் சாய்ந்து படுத்தீர்கள், சோறு இறங்குகிறதா, இன்றைக்குத் தண்ணீர் பிடித்தது யார். இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். குழாயில் தண்ணீர் வருவது கொஞ்ச நேரம். தினமும் குடம் தூக்குகிற பெண்ணுக்குப் பதிலாக வேறு யாராவது தூக்கியிருந்தால் அவளுக்கு உடம்பு சரியில்லை. வாயால் சொல்லாததைக் குடம் சொல்லிவிடும்.

ஜெபம் சுருக்கமாக இருக்க வேண்டும். "ரொம்ப நேரம் சத்தமா ஜெபிச்சா அது நோயாளிக்கு இல்ல, பக்கத்து வீட்டுக்கு" என்பார். ஜெப எண்ணெய் பாட்டில் பையில் இருக்கக் கூடாது. ஒரு வீட்டில் கேட்டது இன்னொரு வீட்டுக்குப் போகக் கூடாது, ஜெபக் குறிப்பு என்ற பெயரிலும் போகக் கூடாது. ஆமென் சொன்னதும் எழுந்து ஓடக் கூடாது. மெதுவாக எழுந்து, வாசலுக்கு வந்து, செருப்பு மாட்ட வேண்டும். மாட்டவும் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். நம் பெண்கள் உண்மையைச் சொல்வது அந்த நேரத்தில்தான். அதற்காகவே மேடம் வார் வைத்த செருப்பு போடுவார்.

நான் தனியாகப் போகத் தொடங்கிய புதிதில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல். ஜெபித்துவிட்டு வந்தேன். சாயங்காலம் காய்ச்சல் இறங்கிவிட்டது. அந்தக் குழந்தையின் அம்மா கல்லி முழுக்கச் சொல்லிவிட்டாள். மறுநாள் நான் போவதற்கு முன்பே ஆட்கள் காத்திருந்தார்கள். ஒருத்தி தண்ணீர் பாட்டிலை நீட்டி, "சித்தி, இதுல ஒரு வார்த்தை ஜெபிச்சுத் தாங்க" என்றாள். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அதுவரை என்னைத் தேடி யாரும் வந்ததில்லை.

மேடத்திடம் அடக்கமாகத்தான் சொன்னேன். அவர் முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

"அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்ததுக்கு நீங்க காரணமா?"

"ஐயோ, இல்ல மேடம்."

"வந்ததுக்குக் காரணம் இல்ல. இறங்கினதுக்கு மட்டும் எப்படிக் காரணம் ஆனீங்க?"

அதோடு அது அடங்கியது. அடங்கியது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பல வருஷம் கழித்து வந்ததுதான் செல்வி விஷயம். கொரோனா எல்லாம் முடிந்து, ஜனங்கள் மாஸ்க்கைக் கழற்றிய பிறகு.

செல்வி எங்கள் சபைப் பிள்ளை. எங்கள் வீட்டுக்கு இரண்டு கல்லி தள்ளி வீடு. கணவன் துரை டெம்போ ஓட்டுகிறான். இரண்டு பெண் குழந்தைகள், சின்னது அப்போது பால்வாடி போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் போயிருந்தபோது தண்ணீர் பிடித்தது யார் என்று கேட்டேன். "அவரு" என்றாள். துரை குடம் தூக்குகிற ஆள் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டதில் இருமல், மாலையில் காய்ச்சல், ரவிக்கை எல்லாம் தொளதொள என்று ஆகிவிட்டது என்றாள். முனிசிபாலிட்டி தவாக்கானாவுக்கு, அதாவது இலவச ஆஸ்பத்திரிக்கு, கூட்டிப் போனேன். அங்கே சுரேகா தாயி இருந்தார். மராத்திக்காரர். டிபி மாத்திரை கொடுப்பது, சாப்பிடுகிறார்களா என்று பின்தொடர்வது அவர் வேலை. தாயி என்றால் மராத்தியில் அக்கா. சளி பார்த்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். டிபி என்று தெரிந்தது. தினமும் மாத்திரை, குறைந்தது ஆறு மாதம்.

செல்வி நோய்க்கு அழவில்லை. "கல்லில தெரிஞ்சா என் பிள்ளையள யாரு கூட விளையாட விடுவா சித்தி?" என்றுதான் அழுதாள். யாருக்கும் தெரியாமல் மாத்திரை நடந்தது. நானும் வாரம் தவறாமல் போய் ஜெபித்தேன். இரண்டு மாதத்தில் இருமல் நின்றது, முகம் தெளிந்தது, குடமும் அவள் இடுப்புக்கே வந்துவிட்டது.

"இந்த நேரம்தான் பயம்" என்று சுரேகா தாயி ஹிந்தியில் என்னிடம் சொன்னார். நன்றாகிவிட்டது என்று தோன்றும்போதுதான் ஆட்கள் மாத்திரையை விடுகிறார்களாம். நான் தலையாட்டினேன்.

அந்தச் சமயம் ஆண்டாப் ஹில்லில் ஒரு வாடகை ஹாலில் ஜோயல் பிரதர் என்பவர் ஞாயிறு மத்தியானம் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தார். நம் சபை ஆராதனை முடிந்து பல பேர் அங்கேயும் போவார்கள். பாட்டு நன்றாக இருக்கும், டிரம்ஸ் இருக்கும். செல்வியும் போனாள். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அங்கே பிரதர் ஒரு காரியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார். நோய் என்று வாயால் சொல்லாதே, சுகமாகிவிட்டேன் என்று அறிக்கை செய், நீ சொன்னபடி நடக்கும். இருமல் வந்தால் அது சாத்தான் காட்டுகிற பொய் அறிகுறி, அதை நம்பினால் சுகம் போய்விடும்.

ஒருநாள் கிராஸ் ரோட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் கல்லிக்காரி ஒருத்தி ஓடி வந்து போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். "சித்தி, நீங்க ஃபேமஸ் ஆயிட்டியளே!"

வீடியோவில் செல்வி. தலையில் முக்காடு, கையில் மைக். கல்லிக்குத் தெரியக் கூடாது என்று அழுதவள், நோய் போய்விட்டது என்ற தைரியத்தில் சாட்சி சொல்கிறாள். "எனக்கு டிபி இருந்தது. எங்க புஷ்பம் சித்தி தலைல கை வச்சு ஜெபிச்சாவ. அன்னைலருந்து எனக்கு டிபி இல்ல. மாத்திரையத் தூக்கிப் போட்டுட்டேன்." ஹால் முழுக்கக் கைதட்டு. டிரம்ஸ் அடிக்கிறார்கள்.

உள்ளதைச் சொல்கிறேன். முதல் தடவை பார்க்கும்போது மாத்திரை என்ற வார்த்தை என் காதிலேயே விழவில்லை. என் பெயர்தான் விழுந்தது. மைக்கில், அத்தனை பேர் நடுவில், புஷ்பம் என்று. இன்னொரு தடவை போடச் சொல்லிப் பார்த்தபோதுதான் மாத்திரை கேட்டது. கேட்ட பிறகும், ஒருவேளை உண்மையாகவே சுகமாகியிருக்குமோ என்று மனசு அந்தப் பக்கமாகவே ஓடியது. கர்த்தரால் ஆகாதா? ஆகும். அதனால்தான் அது அவ்வளவு லேசாக உள்ளே நுழைந்தது.

அந்த வாரமே ஜோயல் பிரதர் தன் மனைவியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். மரியாதையான பையன். எங்கள் வீட்டுக்காரரின் காலைத் தொட்டு வணங்கினார். ஒரு பக்கக் கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருந்தது. முறுக்கு வைத்தேன். மறுபக்கமாகவே ஒதுக்கிக் கடித்தார்.

"பல்லா தம்பி?" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"ஸ்தோத்திரம் ஐயா. ஒண்ணுமில்ல. நல்லா இருக்கேன்" என்றார் பிரதர். சொல்லும்போது கண்ணில் தண்ணீர் நின்றது.

அவரைப் பலர் பிற்பாடு மோசக்காரன் என்றார்கள். நான் சொல்ல மாட்டேன். மோசக்காரன் மற்றவர்களுக்கு ஒன்றும் தனக்கு ஒன்றும் வைத்திருப்பான். இவர் தன் பல்லுக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

வந்த காரியம் இதுதான். மூன்று நாள் சுகமளிக்கும் கூட்டம் வைக்கிறார்கள். நான் மேடையில் உட்கார வேண்டும்.

"எனக்குப் பேச வராது தம்பி" என்றேன்.

"நீங்க ஒரு வார்த்தையும் பேச வேண்டாம்மா. சும்மா உட்கார்ந்தா போதும். ஜனங்க உங்களைப் பாக்கணும், அவ்வளவுதான்."

எனக்கென்றே அளந்து தைத்த மாதிரி இருந்தது. பேசச் சொல்லியிருந்தால் அப்போதே முடியாது என்றிருப்பேன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர்கள் போனதும் வீட்டுக்காரர் என்னை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"எந்தச் சேலை? அந்த வாடாமல்லி கலரா?"

"சும்மா கெடங்க" என்றேன். ஆனால் அவர் சொன்ன அந்தச் சேலையைத்தான் நானும் மனசுக்குள் எடுத்து வைத்திருந்தேன்.

மறுநாள் செல்வி வீட்டுக்குப் போனேன். வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். தூக்கம் நல்ல தூக்கம். சோறு நல்லா இறங்குது. தண்ணீர் நான்தான் பிடித்தேன். எல்லாவற்றுக்கும் கூடவே ஒரு ஸ்தோத்திரம். பாட்டுப் பாடினோம். ஒவ்வொரு அடியும் முடிவதற்குள் அவள் நிறுத்திக்கொண்டாள். மூச்சு எட்டவில்லை. சுவரோரம் தலையணை இரண்டு, ஒன்றின் மேல் ஒன்றாக. படுத்தால் இருமல் வருகிறவர்கள் அப்படித்தான் வைப்பார்கள். ஜெபித்தேன். ஆமென் சொன்னேன். வாசலில் வந்து செருப்பைத் தேடினேன்.

செல்வி பின்னாலேயே வந்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "சித்தி, உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டுது. திரும்பவும் ஆரம்பிச்சிருச்சு" என்றாள். உடனே, "நான் சொல்லல. நீங்க கேக்கல" என்றாள்.

"மாத்திரைய எடுத்துத் தின்னு பிள்ள."

"எப்படிச் சித்தி? சாட்சி சொல்லிட்டனே. எல்லார் போன்லயும் நான் இருக்கேன். இனி தவாக்கானா வாசல்ல என்னய யாராவது பாத்தா? கர்த்தரப் பொய்யராக்குனது மாதிரி ஆகாதா?" பிறகு, "உங்க பேரும்லா கெட்டுப் போவும்" என்றாள்.

என் பெயரைக் காப்பாற்ற அந்தப் பிள்ளை இருமலை விழுங்கிக்கொண்டிருக்கிறாள். உள்ளே சின்னது பாயில் உட்கார்ந்து அவள் தட்டிலிருந்து எடுத்துத் தின்றுகொண்டிருந்தது. இப்படியே விட்டால் செல்வி செத்துப்போவாள், அந்தக் குழந்தைக்கும் வந்துவிடும்.  சேலை, மேடை எல்லாம் அங்கேயே விட்டுப் போனது.

நேரே செம்பூருக்குப் பஸ் ஏறினேன். முட்டி வலியால் மேடம் அப்போது வீடுகளுக்கு வருவதில்லை. வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். பெயர் சொல்லாமல் சொன்னேன். அவரும் அந்த வீடியோவைப் பார்த்திருந்தார்.

"நீங்க செருப்பு மாட்டும்போது அந்தப் பொண்ணு சொன்னதை எங்கயும் சொல்லக் கூடாது. அந்தப் பிரதர்கிட்டயும் கூடாது. தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்."

"சாட்சியில யார் பேரு வருது?"

"எம்பேரு."

"உங்க பேரு உங்களுது. அத எடுக்க யார்கிட்டயும் பெர்மிஷன் வேண்டாம்."

"அத்தனை பேர் முன்னால எனக்குப் பேச வராது மேடம். நீங்க வந்து..."

"மேடையில உட்கார மட்டும் வருமா?" என்றார். நறுக்கினதை எல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, "நான் வந்தா சபைக்கும் ஹாலுக்கும் சண்டைன்னு ஆயிடும். நீங்க போனா ஒரு ஆள் தன் பேரை எடுத்துக்கிட்டதுதான். சுருக்கமா சொல்லுங்க. அழாதீங்க. அழுதா அதையும் வீடியோவுல போட்டுருவாங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஹாலுக்குப் போனேன். சாதாரண நூல் சேலைதான் கட்டியிருந்தேன். செல்வி மூன்றாவது வரிசையில் இருந்தாள். சாட்சி நேரம் வந்ததும் பிரதர் என்னைப் பார்த்துவிட்டு, "அம்மா வந்திருக்காங்க!" என்று மைக்கை அவரே கொண்டுவந்து கொடுத்தார். கன்னம் இன்னும் வற்றவில்லை. மைக் அவ்வளவு கனமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

நான் பேசியது முழுதும் ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் ரொம்பக் கொஞ்சம்தான் பேசினேன்.

"நான் புஷ்பம். ஒரு சாட்சில எம்பேரு வந்திருக்கு. எம்பேர அதுலருந்து எடுத்துருங்க. நான் ஜெபிச்சது நெசம். மாத்திரை வேலை செய்யணும்னுதான் ஜெபிச்சேன். மாத்திரை வேண்டாம்னு ஜெபிக்கல. எனக்குச் சுகர் உண்டு. தெனமும் மாத்திரை திங்கேன். இன்னைக்கும் தின்னுட்டுத்தான் இங்க வந்திருக்கேன். ஸ்தோத்திரம்."

 பிறகு பின்னாலிருந்து ஒரு பெண், "ஜெபிக்கிற அம்மாவே மாத்திரை திங்காவளாமே!" என்றாள். சிலர் சிரித்தார்கள். ஒருவர் "அவிசுவாசம்" என்று கத்தினார். பிரதர் மைக்கை வாங்கி, அம்மாவைப் பிடித்திருக்கிற அவிசுவாசத்தின் ஆவி விலகும்படி எல்லாரும் கை நீட்டி ஜெபிப்போம் என்றார். என் தலையில் கை வைத்தார். எல்லாரும் கை நீட்டினார்கள். நான் குனிந்து நின்றேன். ஓடிவிடலாம் என்று இருந்தது. ஒன்றைக் கவனித்தேன், செல்வி மட்டும் கை நீட்டவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

அதோடு என் பெயர் இறங்கிவிட்டது. சில வீடுகளில் நான் ஸ்தோத்திரம் சொன்னால் டிவி சத்தம் கூடியது. குழாயடியில் எனக்குச் "சுகர் மாத்திரைச் சித்தி" என்று பெயர் வைத்தார்கள். வீட்டுக்காரர், "முன்ன புஷ்பம்னு மட்டும் இருந்த. இப்ப பட்டம் வேற குடுத்திருக்காவ" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. செல்வி என்ன ஆனாளோ என்பதுதான் கவலை. அவள் வீட்டுக்குப் போகவும் பயம். போனால், நான் அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று நினைப்பாளோ?

சில நாள் கழித்துக் காலையில் அவளே வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றாள்.

"எல்லாரும் உங்களத்தான் ஏசுதாவ சித்தி."

"ஏசட்டும்."

"என்னய யாரும் ஒண்ணும் சொல்லல. பாவம் செல்வி, நல்ல விசுவாசத்துல இருந்தா, இந்தப் பொம்பள வந்து கெடுத்துட்டான்னு சொல்லுதாவ." விரலால் கதவுச் சட்டத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். "இனி நான் மாத்திரை தின்னாலும் அதத்தான் சொல்லுவாவ. புஷ்பம் கெடுத்துட்டான்னு."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அவளுக்கு ஒரு வழி திறந்திருந்தது. அந்த வழி என் பெயர் மேல் மிதித்துப் போகிறது.

"தின்னவா சித்தி?"

"தின்னு."

"யாராவது கேட்டா, நீங்க சொல்லித்தான் திங்கேன்னு சொல்லட்டா?"

"சொல்லு. எல்லார்ட்டயும் சொல்லு."

அன்றைக்கே தவாக்கானாவுக்குப் போனோம். சுரேகா தாயி செல்வியைப் பார்த்த பார்வையில் நான்தான் குற்றவாளி மாதிரிச் சுருங்கினேன். பெஞ்சில் உட்கார வைத்து, "கான்ஸி ஹை க்யா?" என்றார். இருமல் இருக்கிறதா என்று.

செல்வி பழக்கத்தில், "நஹீ, ஸ்தோ..." என்று ஆரம்பித்தாள். வாய் அப்படியே நின்றது. என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன், அது அவள் சொல்ல வேண்டியது.

"ஹை" என்றாள். இருக்கு.

பிறகு அடக்கி வைத்திருந்த இருமல் எல்லாம் வந்தது. தாயி ஜன்னலை நன்றாகத் திறந்துவிட்டு, அவள் முதுகைத் தடவிக்கொண்டே திட்டினார். டாக்டர் எல்லாச் சோதனையும் மறுபடி எடுக்கச் சொன்னார். நடுவில் விட்டதால் சிகிச்சையை மாற்ற வேண்டியிருந்தது, நாளும் கூடியது. வாந்தி, கிறுகிறுப்பு என்று ரொம்பப் பட்டாள். குழந்தைகளுக்கும் சோதனை செய்தார்கள். அவர்களுக்கு வரவில்லை. நான் வாரம் தவறாமல் போனேன், மாத்திரை வேலை செய்ய வேண்டும் என்று வாய்விட்டே ஜெபித்தேன். கடைசியில் தாயி போதும் என்று சொன்ன அன்று செல்வி சாட்சி எதுவும் சொல்லவில்லை. தண்ணீர் பிடிக்க நேரமாகிவிட்டது என்று ஓடினாள்.

ஜோயல் பிரதரின் கூட்டம் பிற்பாடு வேறு பக்கம் போய்விட்டது. அந்தப் பல் என்ன ஆயிற்று என்று தெரியவில்லை.

பிரியா கேட்டதற்கு இது பதிலாகுமா என்று எனக்குச் சந்தேகம்தான். போனில் வருவதில் எது கர்த்தருடையது, எது இல்லை என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. என் பெயர் அதில் எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.

அச்சில் போடுவதற்கு முன்னால் ஒரு உதவி செய்யுங்கள். மாத்திரை, சோதனை பற்றி எழுதியதை விவரம் தெரிந்தவர்களிடம் காட்டித் திருத்துங்கள். செல்வி குடும்பம் இப்போது சான்பாடாவில் இருக்கிறது. எழுத அவள் சம்மதித்துவிட்டாள், ஆனாலும் முழுதும் வாசித்துக் காட்டுங்கள். இன்றைக்கும் யார் கேட்டாலும் "புஷ்பம் சித்தி சொல்லித்தான் தின்னேன்" என்றுதான் சொல்கிறாளாம். எனக்கு அதில் ஒரு சந்தேகம் உண்டு. என் வாசலில் வந்து நின்ற அன்று அவள் இடுப்பில் மாத்திரை அட்டை செருகியிருந்தது. தின்னவா என்று கேட்டபோது கை பட்டு அது கொஞ்சம் வெளியே வந்தது. தூக்கிப் போட்டேன் என்று மைக்கில் சொன்ன அதே மாத்திரைதான். ஓரத்தில் ஒரு குழியின் தாள் அப்போதுதான் கிழித்த மாதிரி பளபளவென்று இருந்தது, உள்ளே காலி. அன்று நான் கேட்கவில்லை. என் கண்ணும் அவ்வளவு சரியில்லை. அவளிடம் கேட்டுப் பாருங்கள். நான் பார்த்தது சரி என்றால், நான் சொல்லி அவள் தின்னவில்லை, தின்றுவிட்டுத்தான் கேட்க வந்தாள். அப்படியானால் அந்த இடத்தில் என் பெயரை எடுத்துவிட்டு அவள் பெயரைப் போடுங்கள்.